அக்காவிடம் மட்டும் சொன்ன ஓட்டை

மார்ச் 4
ஓட்டை கிடைத்துவிட்டது! பிரிண்டருக்குப் போகும் செய்தியில் கோப்பின் பெயரைக் கொஞ்சம் நீளமாகக் கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரின் ஆபரேட்டிங் சிஸ்டம் திணறிப்போய், வந்தவன் யார் எவன் என்று கேட்காமல் மொத்தச் சாவியையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதை உருவாக்கிய கம்பெனிக்கு உடனே எழுதினேன். தலைகால் புரியவில்லை. அடுத்தவர் சுவரில் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுச் சந்தோஷத்தில் குதிக்கிற பிழைப்பு என்னுடையது.

மார்ச் 6
கம்பெனியின் பதில்: ஓட்டையை அடைக்கும் திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும்வரை மூச்சு விடக்கூடாது. நியாயம்தான். இப்போதே வெளியே தெரிந்தால் திருடனுக்கு வழி காட்டியதுபோல் ஆகும். மேலாளர் என் மேசைக்கே வந்துவிட்டார். "வீட்டுலகூட வாயத் திறக்காதீங்க." வீட்டில் நான் மட்டும்தானே சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 9
கடைவாய்ப் பல் வலி. அக்காவின் பல் கிளினிக்குக்குப் போனேன். வாயை ஆவென்று திறந்து படுத்திருக்கிறேன், எதிரே அவளுடைய கம்ப்யூட்டர். அதே சிஸ்டம். எக்ஸ்ரே, வருகிறவர்களின் விவரம் எல்லாம் அதில்தான். வீட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம் என்று பெருமை வேறு. வாயில் பஞ்சு இருந்தது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 10
தூக்கமில்லை. பல் வலியால் அல்ல.

மார்ச் 11
முடியலை. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஓட்டையைப் பற்றி இல்லை—
"கொஞ்ச நாளைக்கு நெட் வயரக் கழட்டி வை அக்கா. ஏன்னு கேக்காத."
"உனக்கென்ன பைத்தியமா? பாதி வேலை அதுலதான் ஓடுது."
"எனக்காக."
"சரி, கழட்டித் தொலைக்கிறேன்."
வேலைக்கே உலை வைக்கும் காரியம். இருந்தும் மனசு லேசாக இருக்கிறது.

ஏப்ரல் 2
திருத்தம் வரவில்லை. கேட்டால், "சோதனையில் இருக்கிறது" என்று அதே பாட்டு.

ஏப்ரல் 8
அதே ஓட்டையை வேறு யாரோ கண்டுபிடித்துப் புகுந்துவிட்டார்கள். அக்காதான் போனில் சொன்னாள்: கிளினிக்குக்கு எதிர் அறையில் இருக்கும் கண் டாக்டரின் கம்ப்யூட்டர் மொத்தமும் முடங்கிவிட்டது; வயரைக் கழற்றி வைத்திருந்ததால் அவளுடையது தப்பித்தது. ஆபரேஷனுக்கு எடுத்து வைத்திருந்த கண் அளவுகள் போய்விட்டன. கண்ணில் மருந்து விட்டுக் காத்திருந்தவர்களை அவர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாராம்.
"உனக்கு முன்னாடியே தெரியுமா?"
"ம்."
"அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எதிர்லதான இருக்காரு."
என்ன சொல்றது? அவருக்குச் சொன்னா மாடியில இருக்கிறவங்களுக்கு? அடுத்த தெருவுக்கு? ஆனா அக்காவுக்குச் சொன்னப்ப இந்தக் கேள்வியெல்லாம் எங்க போச்சு?

ஏப்ரல் 10
திருத்தம் வந்தது. நானே போய்க் கண் டாக்டரின் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். அழிந்தது அழிந்ததுதான். எனக்குத் தெரியும் என்பதையும், அக்காவுக்கு மட்டும் சொன்னதையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"அடுத்த தடவை எனக்கும் சொல்வீங்களா?"
ஆமாம் என்று சொல்லியிருந்தால் இருவருக்கும் சுலபம்.
"மாட்டேன் டாக்டர்."
"அக்காவுக்கு?"
அக்கா கதவருகில் நின்றிருந்தாள். "அவளுக்கும் மாட்டேன்."
அக்கா தன் அறைக்குப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 13
மேலாளரிடமும் ஒப்புக்கொண்டேன். எழுத்தில் எச்சரிக்கை. வேலை தப்பியது.

ஜூன் 17
இன்னொரு ஓட்டை. முன்னதைவிடப் பெரியது. கம்பெனிக்கு எழுதும்போது இந்த முறை திருத்தத்துக்கான கெடுவை நானே வைத்தேன், இழுத்தடிக்க முடியாதபடி. மாலையில் அக்கா கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே, என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "நீ சொல்ல வேணாம். பல்லு எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லு" என்றாள்.