நூற்றுக்கு நூறு எட்டிய இலக்கு

இன்று காலை என் மேசையில் ஒரு ஜோடி மஞ்சள் இயர் பிளக் கிடந்தது. உறை பிரிக்காதது. பிரித்ததும் அந்த ரப்பர் வாசனை. கூடவே ஒரு தாள்: ‘செவிப் பாதுகாப்பு ஊழியர் குழு, இந்த ஆண்டு இலக்குகள்’. வேறு தொழிற்சாலை, வேறு அதிகாரி, அதே எண்ணூர் சாலை. இப்போது ராத்திரி, அந்தத் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. அதனால் என்ன.

டிப்ளமோ முடித்த கையோடு நான் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தபோது, நீ இரும்பை அடித்து வடிக்கும் ஃபோர்ஜ் ஷாப்பில் ராட்சத ஹாமர் ஓட்டிக்கொண்டிருந்தாய். பழுக்கக் காய்ந்த இரும்பை ஒருவர் இடுக்கியில் பிடிப்பார், நீ லீவரை இழுப்பாய், தரை அதிரும். அந்த இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. ஒரு விரல் காட்டினால் மெல்ல ஓர் அடி, விரித்த கை என்றால் பலமாக, மூடிய கை என்றால் நிறுத்து. டீ வந்துவிட்டது என்பதற்கும் போர்மேனைத் திட்டுவதற்கும்கூடத் தனிச் சைகை உண்டு. அதனால்தான் பாதிப் பேருக்குக் காது போயிருந்தது வெளியே தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

வெளிநாட்டுப் பங்குதாரர் வந்த பிறகு கம்பெனியில் குழுக்கள் முளைத்தன. பெண்களுக்கு ஒன்று, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒன்று, காது பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒன்று. பாதிக் காது போயிருந்த உன்னை அந்தக் கடைசிக் குழுவுக்குச் செயலாளராக்கினார்கள். இலக்கு எழுத உதவச் சொல்லி என்னைக் கேண்டீனுக்கு இழுத்துக்கொண்டு போனாய். ஊழியர் விவகாரம் பார்க்கும் பர்சனெல் ஆபீசர் தயாராக வந்திருந்தார்: எல்லோருக்கும் செவிப் பரிசோதனை.

“சோதனை இலக்கு இல்ல சார்” என்றேன். “சோதனை பண்ணி முடிச்ச மறுநாள் என்ன நடக்கும்? அதை எழுதுங்க. ஹாமரைச் சுத்திச் சத்தத் தடுப்பு போடுறது, காது போனவங்களை அவங்க சம்மதம் இல்லாம இடம் மாத்தாம இருக்கிறது. இதுதான் இலக்கு.”

“அதெல்லாம் எப்படித் தம்பி அளக்கறது? டெஸ்ட்னா நூத்துக்கு நூறுன்னு காட்டிடலாம்.”

நீ என் பக்கம் பேசுவாய் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டுச் சிரித்தாய். “இன்னா மாமு, எல்லாத்துக்கும் நட்டு போல்ட்டு கேட்டுகினு கீற? மொதல்ல எவனுக்குக் காது போச்சுன்னு தெரிய வாணாமா? தெரிஞ்சா நல்லதுதான் பண்ணுவாங்க.”

“பண்ணலைன்னா?”

“நீ ஒரு பேஜாரு புடிச்ச ஆளு, போ.”

பரிசோதனையே இலக்கானது, ஆனால் அதற்கு யாரும் வரவில்லை. செவிடு என்று பேர் வாங்க எவனுக்கு ஆசை? நீதான் முதலில் போய் உட்கார்ந்தாய். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாக ஏறி இறங்கினாய், என்னையும் இழுத்துக்கொண்டு. ஹாமர் கூடத்திலேயே மூத்தவரான தேசப்பன் கத்திவாக்கத்தில் தன் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நீ அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கத்தினாய்.

“அண்ணே, அண்ணி திட்டறது காதுல வுழுதா?”

“அது வுழக் கூடாதுன்னுதாண்டா ஹாமருக்கே வந்தேன்.”

உள்ளேயிருந்து அண்ணி பதிலுக்கு ஏதோ கத்த, நீயும் நானும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை; அவருக்குக் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை நம்பி வரேன் நைனா” என்றார்.

இலக்கு நூற்றுக்கு நூறு எட்டியது. லட்டு கொடுத்தார்கள். சிறந்த குழு என்று உன் கழுத்தில் மாலை போட்டுப் படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். லட்டின் ருசி போவதற்குள் அதே பலகையில் உத்தரவு வந்தது: உடல்நலத்தை முன்னிட்டு, செவித்திறன் குறைந்தவர்கள் இரைச்சல் இல்லாத இடங்களுக்கு மாற்றப்படுகிறார்கள்.

இரைச்சல் இல்லாத இடம் என்றால் என்ன? காது தேவைப்படுகிற இடம். தேசப்பனை வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தால் திரும்ப மாட்டார். “யோவ் செவுடு, கதவைத் தொறய்யா” என்று இறங்கி வந்து தோளைத் தள்ளுவான். உன்னைக் கேண்டீன் டோக்கன் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். சோறு கேட்டவனுக்கு டீ டோக்கன் கொடுத்தாய். வரிசையே சிரித்தது, நீயும் கூடச் சிரித்தாய். ஹாமரில் உன்னை யாரும் செவிடனாகப் பார்த்ததே இல்லை.

உத்தரவை ரத்து செய்யச் சொல்லி ஆபீசரிடம் போனோம். “சேஃப்டி விஷயம் தம்பி, டெஸ்டுக்கு எல்லாரையும் நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?” என்றார்.

ஒரு மதியம் தேசப்பன் உன் ஜன்னலுக்கு வந்தார். டோக்கன் கேட்கவில்லை. “உன் வாயை நம்பித்தானேடா வந்தேன். என் ஹாமரை வாங்கிக் குடு” என்றார். உரக்கத்தான் சொன்னார், அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். கேண்டீனே திரும்பிப் பார்த்தது. நீ அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த ஒரு தடவை, கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டாய்.

அதன்பிறகு நீ வேலைக்கு வருவது குறைந்தது. திருவொற்றியூரில் உன் வீட்டுக்கு வந்து, மறுபடி மனு கொடுப்போம் என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். சில மாதங்களில் நெஞ்சுவலி என்று சொல்லியனுப்பினார்கள். நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தேசப்பன் சுடுகாடு வரை வந்தார்.

நான் சொன்னது சரியாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சரியாகச் சொன்னவனாலும் ஒருவரையும் ஹாமருக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை.

இன்றைய தாளில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: ‘காது போனவரை அவர் சம்மதம் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது.’ சாயங்காலமே திரும்பி வந்தது. இது இலக்கு இல்லையாம், கோரிக்கையாம். பரிசோதனை என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் எழுத மாட்டேன். எழுத வேறு ஆள் கிடைப்பான், அதுவும் தெரியும்.

உன்னோடு பழகியதில் ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. இப்போதும் நான் யாரையும் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று, அவர் என் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கிறேன்.