கேட்டிலிருந்து வாசல் வரை

டிசம்பர் 9

பக்கத்து வீட்டு டீச்சர் காலி பால் பவுடர் டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினான்கு. "எதுக்கு இவ்வளவு?" என்றார். நடைபாதைக்கு விளக்கு செய்யப் போகிறேன் என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் என்ன விளையாட்டு என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

அப்பா நடமாடியவரை வருடக் கடைசி விடுமுறைக்கு இந்த விளக்குகள்தான். டப்பா முழுக்க ஆணியால் துளை, உள்ளே மெழுகுவத்தி. அக்கா ஆணி அடிப்பாள், நான் பிடித்துக்கொள்வேன். ஒருமுறை சுத்தியல் என் கட்டைவிரலில் இறங்கியது. அழுதது அவள்தான். வலியோடு நான்தான் அவளைச் சமாதானப்படுத்தினேன்.

டிசம்பர் 11

அக்காவுக்குப் போன் செய்தேன். முப்பத்தொன்றாம் தேதி வருகிறாயா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். அதாவது, கேட் வரைக்கும்.

ஐந்து வருடமாக அப்படித்தான். கேட்டில் நின்று பையைக் கொடுப்பாள், நலம் விசாரிப்பாள். உள்ளே கூப்பிட்டால் "வண்டி நிக்குது" என்பாள். எந்த வண்டியும் நிற்காது. பஸ்ஸில்தான் வந்திருப்பாள்.

தப்பு என்னுடையது. அப்பா போன மறுநாள், அவர் கட்டிலை எங்கே போடுவது என்று அக்கா ஏதோ சொல்ல, நாலு பேர் முன்னால் கேட்டேன் — "வந்தோமா போனோமான்னு இருந்தவளுக்கு இந்த வீட்ல என்ன பேச்சு?" மூன்று வருடம் தனியாக அப்பாவைப் பார்த்துக்கொண்ட களைப்பு. களைப்பென்றால் எதையும் சொல்லலாமா? அக்கா அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனவள்தான்.

டிசம்பர் 14

டப்பாவில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தால்தான் ஆணி அடிக்கும்போது நசுங்காது. புத்திசாலி நான், விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். ஐஸ் விரிந்து அடிப்பக்கம் தொப்பை போட்டுவிட்டது. தரையில் வைத்தால் ஆடுகிறது. ஏழு டப்பா இப்படி. மணலில் அழுத்தித்தான் நிறுத்த வேண்டும்.

அளவு பார்த்து ஊற்றுவது அக்கா வேலை. நான் எங்கே கவனித்தேன்?

டிசம்பர் 20

வேலை பார்க்கும் கிளினிக்கில் நாளெல்லாம் பல் டாக்டரின் மிஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் என் சுத்தியல் சத்தம். நட்சத்திரம் நாலு, பிறை மூன்று. மீன் ஒன்று முயன்றேன், கத்தரிக்காய் வந்திருக்கிறது.

டிசம்பர் 27

போன் இல்லை. நானும் செய்யவில்லை. வராமலே இருந்துவிட்டால்? ஐந்து வருடமாக ஒரு மன்னிப்பு நாக்கு நுனி வரை வந்து வந்து திரும்புகிறது. எனக்கே என்மேல் எரிச்சல்.

ஜனவரி 1, காலை

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா விளக்கையும் ஏற்றி முடித்தேன். பாதையின் இரு பக்கமும் ஏழேழு. நிமிர்ந்தால் கேட்டில் அக்கா, கையில் பை.

"உள்ள வாக்கா."

"வண்டி நிக்குது." திரும்பியவள் நின்றாள். "என்னடி இது, எதிரெதிரா வச்சிருக்க? அப்பா மாத்தி மாத்தில்ல வைப்பாரு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். அப்பதான் பாதை முழுக்க வெளிச்சம் விழும்."

"ஞாபகம் இல்லக்கா."

"உனக்கு எதுதான் ஞாபகம் இருந்துச்சு?"

கேட்டைத் திறந்தாள். பையை என் கையில் திணித்தாள். கைக்குட்டையால் பிடித்து முதல் டப்பாவை நகர்த்தினாள். அப்புறம் அடுத்தது. அது தொப்பை அடியோடு ஆடியது. "விளிம்பு வரைக்கும் ஊத்தினியா? அறிவு கெட்டவளே!" ஐந்து வருடத்தில் முதல் திட்டு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்தபடி பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து வந்தவளின் குதிகால் வாசற்படியில் இடித்தது.

நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. தப்பு என்மேலதான்."

அக்கா கைக்குட்டையை மடித்தாள். "எனக்கும் அப்பாவைப் பாத்துக்கணும்னு இருந்துச்சுடி. நீ ஒரு தடவகூடக் கூப்பிடல."

உண்மை. கூப்பிடவேயில்லை. எல்லாம் நானே செய்கிறேன் என்ற வீறாப்பு.

"கால் வலிக்குது, நகரு" என்று உள்ளே போனாள்.

ஜனவரி 4

அக்கா நேற்று மதியம்தான் கிளம்பினாள். சமையலறையை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டாள். இன்று சர்க்கரையைத் தேடியே கிளினிக்குக்கு அரை மணி தாமதம். போன் செய்து கத்தினேன். "ரெண்டாவது தட்டுல இடது பக்கம், கண்ணத் தொறந்து பாரு" என்று அவளும் கத்தினாள்.

அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு, திரும்ப அங்கேயே வைத்தேன்.