ஒரு தடவைதான் கேட்க வேண்டுமாம்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைக் காலையும் மாலையும் கடவுளிடம்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், நீயே நாலு வரி எழுதினால் அவருக்கும் கொஞ்சம் வேலை குறையும். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் வலிக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று தினமும் சொல்கிறார், கீழே வாளி வைத்து அந்தத் தண்ணீரில் துணி அலசிவிடுகிறேன், அதனால் அவர் வராததில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

கோடை விடுமுறையில் உன் தங்கையின் பள்ளியிலிருந்து ஒரு குழுவை வெளிநாட்டில் நீ இருக்கிற ஊருக்கே அழைத்துப் போகிறார்கள் என்று போனில் சொன்னேன் அல்லவா. அங்கே வீடுகளில் மூன்று வாரம் தங்கி, அந்த ஊர் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவர வேண்டுமாம். அதற்குப் பொறுப்பான டீச்சர் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறார், பெட்டி அடுக்குவது, வரிசையில் நிற்பது, நன்றி சொல்வது எல்லாம் பாடம். நன்றி சொல்லிப் பழகியதில் இவள் அப்பா ஃபேன் போட்டாலும் நன்றி என்கிறாள், அவர் தன்னைக் கேலி செய்கிறாள் என்று ரெண்டு நாள் பேசவில்லை.

போன வாரம் ஒத்திகை. நம் வீட்டையும் ஒரு வெளிநாட்டு வீடாக வைத்துக்கொண்டு வேறு பிள்ளைகள் பெட்டியோடு வந்து ஒரு பகல் தங்கினார்கள். வீட்டில் என்ன மாற்ற வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். ஒன்றும் மாற்ற வேண்டாம், சாப்பிடுகிறீர்களா என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், வெளிநாடு ஆகிவிடும் என்றார். வந்தது வக்கீல் மகன், மருந்துக்கடைக்காரர் மகள், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பையன். கேட்டேன். நல்ல வளர்ப்பு, மூன்று பேரும் ஒரே குரலில் வேணாம் ஆன்ட்டி, இப்பதான் சாப்பிட்டோம் என்றார்கள். பாத்திரத்தை உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தேன். அவர்கள் சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உள்ளே கடவுள் பெயரைச் சொல்லி என் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளைப் பட்டினி போடுறதுக்கு வெளிநாடு வரைக்கும் எதுக்குடி போகணும் என்று அப்பா வேறு சத்தம் போட்டார். கடைசியில் நெட்டையன்தான் எழுந்து வந்து, ஆன்ட்டி பசிக்குது, முதல்ல சொன்னது சும்மா என்றான். அவன் தேறினான், மற்ற ரெண்டும் வாடிப்போய் வீட்டுக்குப் போயின. உன் தங்கை அதே ஒத்திகைக்கு டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தாள், கேட்டவுடன் ஆமாம் என்று சொல்லி வயிறாரச் சாப்பிட்டாளாம். பெண்ணை இப்படியா வளர்ப்பார்கள் என்றாராம் டாக்டர் மனைவி, டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். மிஞ்சின சாப்பாட்டை எந்தச் செலவில் எழுதுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. தங்கை உன்னோடு தங்கட்டுமா என்று நான் அன்று போனில் கேட்டபோது, வேணாம்மா, என் ரூம் அவளுக்குச் சரிப்படாது என்று நீ சொன்னாய். மரியாதைக்குச் சொல்கிறாய், இன்னொரு தடவை கேட்டால் சரி என்பாய் என்று நானே வைத்துக்கொண்டு, அந்த இன்னொரு தடவையைக் கேட்காமலே, அண்ணன் வீடு இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் போய் நடந்ததை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். மற்ற வீடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன, உங்கள் மகன் வீடு இல்லையென்றால் உங்கள் பெண் இந்த வருடம் வர முடியாது, மாதக் கடைசிக்குள் அவரே பதில் சொல்லட்டும் என்றார்.

தங்கையிடமும் சொன்னேன். அழவில்லை. அடுக்கின பெட்டியைத் திறந்து துணியெல்லாம் வெளியே எடுத்து வைத்தாள், கொஞ்ச நேரம் கழித்து ஸ்வெட்டரை மட்டும் திரும்ப உள்ளே வைத்தாள். அண்ணன் வேணாம்னா வேணாம்தாம்மா, நீ போன் போட்டு அழுது காரியம் சாதிக்காதே என்றாள். அதனால்தான் கடிதம். அவள் தரையில் படுப்பாள், சத்தம் போட மாட்டாள், பாத்திரம் கழுவுவாள். இது கேட்பது அல்ல, தகவல்.

இப்போது கேட்கிறேன். தங்கையை அந்த மூன்று வாரம் உன்னோடு வைத்துக்கொள்வாயா? ஆமாம் என்றால் டீச்சருக்கே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. முடியாது என்றால் முடியாது என்று மட்டும் எழுது, உன் அறையில் இடமில்லையா, கூட யாராவது இருக்கிறார்களா, கையில் காசில்லையா என்று காரணம் எழுத வேண்டாம். பெட்டியை நானே பரணில் ஏற்றிவிடுவேன். வருத்தம் இருந்தால் அது எனக்கும் கடவுளுக்கும் உள்ளது, உன் வரைக்கும் வராது.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும். இருட்டின பிறகு தலைக்குக் குளிக்காதே. சாப்பிட்டாயா என்று அங்கே யாராவது கேட்டால் முதல் தடவையே உண்மையைச் சொல். நீ என்ன எழுதினாலும் நான் ரெண்டாம் தடவை கேட்க மாட்டேன். அப்பா கேட்பார், அவர் ஒத்திகையில் சேரவில்லை.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும்
அம்மா