கடைசி அத்தியாயம் என் பையில்

ஏங்க,

குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. பதினோரு மணிக்கு பிளம்பர் வருவார். நம்ம உளவாளி கதையை அவர்கிட்ட ஆரம்பிச்சிடாதீங்க, குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கும்.

காலையில நான் ஏன் பேசலன்னு தெரியும்ல? பன்னிரண்டாவது புத்தகத்துல நான் பாதியில இருந்தப்பவே துரோகி யாருன்னு உளறினது யாரு? நம்ம உளவாளி ஒவ்வொரு புத்தகத்துலயும் ரயில்ல இருந்து குதிக்கிறான், சாகமாட்டான்னு தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பதறிக்கிட்டேதான் பக்கத்தைத் திருப்புவேன். அந்தப் பதற்றத்துக்குத்தானே படிக்கிறேன்.

பதிமூணாவது மேசை மேல இருக்கு. நான் கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி வரைக்கும் படிச்சாச்சு. அந்த ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்துட்டுப் போறேன்.

பி.கு.: ஆறு மணிக்கு டியூட்டி முடியுது. மிச்சத்தைப் படிச்சு முடிச்சுட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வாங்க. கடைசி அத்தியாயத்தை நானும் இன்னும் படிக்கல. தனியா படிக்க மனசு வரல.