கல்யாணச் சேலையில் ஒரு கவுன்

1937 நவம்பர் 9, செவ்வாய். ராஜபாளையம்.

தன் அடக்கத்துக்கென்று எஸ்தர் பெட்டியில் வைத்திருந்த வெள்ளைக் கல்யாணச் சேலையை இன்று நானே கத்தரித்தேன். எங்கள் மகளுக்குக் கவுன் தைக்கச் சொல்லிவிட்டாள். எஸ்தர் கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டாள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும்.

“பொறவு ஒனக்கு எதை உடுத்திவிட?” என்றேன்.

“மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு நல்ல சேலை? பிள்ளை போட்டு நடக்குறத நான் பாக்கணும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட்டு அனுப்புங்க.”

ஊருக்கெல்லாம் தைக்கிற கைதான். இன்று தையல் நேராக ஓடவில்லை. கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடியில துணியை நெறைய மடிச்சு விடுங்க. வளர வளரப் பிரிச்சு விடலாம்.”

மடித்துத் தைத்தேன். அந்த மடிப்பில் மூன்று வருஷ வளர்த்திக்குத் துணி இருக்கிறது. ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது அவளை விட்டுவையும்.