புதிதாக ஒரு வேலை

இல்லை கண்ணு, புது மெஷினுக்குக் கேட்ட மானியம் இன்னும் வரவில்லை, அதிகாரிதான் வந்தார். நானும் அப்பாவும் நலம். சலவைக்கடைப் பெரிய மெஷின் மட்டும் படுத்த படுக்கை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

சிறு தொழிலுக்கும் உள்ளூர் வேலைக்கும் அரசு தரும் பணம், அதனால் விண்ணப்பத்தில் ‘உருவாகும் புதிய வேலைகள்’ என்று ஒரு கட்டம். நான் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டேன். மெஷின் வந்தால் ஆஸ்பத்திரித் துணி கைவிட்டுப் போகாது, ஒன்பது வருடமாக நம் கடைத் துணியை மடித்து மடித்துப் பெயரே மடிப்பு என்று ஆகிப்போனவளுக்கு வேலை நிலைக்கும். உண்மை அவ்வளவுதானே. அதிகாரி நல்ல பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். “வேலையைக் காப்பாத்துறதுக்குக் கட்டம் இல்லீங்கம்மா, உருவாக்குறதுக்குத்தான் இருக்கு” என்று வருத்தப்பட்டார். வழியும் அவரே சொன்னார். மடிப்பைத் தொண்ணூறு நாள் நிறுத்திவிட்டு, புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாமாம். அப்பா உடனே பேனாவைத் தேடினார். மடிப்பு சிரித்தாள். “ஒன்பது வருஷமா லீவு கேட்டேன், கடைசில கவர்மென்ட்தான் குடுக்குது பாருங்கக்கா.” சிரித்து முடித்ததும், விரிப்பின் நுனியை விடாமல் கேட்டாள், “தொண்ணூறு நாள் நான் எதைத் திங்கிறது?” அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கும் கட்டம் இல்லை போலிருக்கிறது.

பிறகு அவர் பணியாளர் பட்டியலைப் பார்த்தார். ஒரே பெயர், மடிப்பினுடையது. “அப்ப நீங்க இங்க என்னம்மா பண்றீங்க?” என்று என்னைக் கேட்டார். கறை எடுக்கிறேன், ரசீது எழுதுகிறேன், காலர் கிழிந்துவிட்டது என்று வருபவர்களிடம் திட்டு வாங்குகிறேன். இருபத்தாறு வருடம். நீ பிறந்த வாரம் மட்டும் வரவில்லை. நான் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார், “சும்மா கூடமாட இருப்பா.” அதிகாரியின் முகம் மலர்ந்தது. விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தார். மனைவியைச் சேர்க்கத் தடை இல்லை, வேலையில்லாதவள் என்று பதிவு செய்தால் போதும். ஆக, அந்தப் புதிய வேலை நான்தான். சம்பளம் உண்டா என்றேன். மாதாமாதம் என் பெயரில் வங்கியில் போட்டுக் காட்ட வேண்டுமாம். அப்பாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

“கட்டினவளுக்குச் சம்பளமா, ஊரே சிரிக்கும்” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் மடிப்பை நிறுத்துங்கள், அவளோடு நானும் நின்றுகொள்கிறேன் என்றேன். நேற்று கையெழுத்துப் போட்டார். பேனா எழுதவில்லை என்று நடுவில் ஒரு தரம் எழுந்து போனார்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. அங்கே நீ பார்க்கிற வேலையில் உன் பெயர் எழுதியிருக்கிறதா என்று மறக்காமல் ஒருமுறை பார்த்துக்கொள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பி.கு.: இதை ஒட்டுவதற்கு முன் வேலைவாய்ப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். முன் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.