சக்கரத்தடி எலுமிச்சம்பழம்

1986 மே 12, திங்கள்.

வண்டிகள் நிற்கட்டும் என்று ஜூஸ் கடை முன்னால் ஆளுயரத்துக்கு சிமெண்ட் மாம்பழம் கட்டி வைத்தேன். நேற்று அதைப் படமெடுக்க நின்ற வெள்ளைக்காரத் தம்பதி, கைக்குழந்தையோடு ராத்திரி இங்கேயே தங்கிவிட்டார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் வேனுக்குள்ளேயே இருக்கிறது. சரோஜா குழந்தையைக் கீழே விடவே இல்லை.

காலையில் அவர்கள் கிளம்பும்போது சரோஜா வேனின் நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அந்தப் பெண், ஏதோ பரிசு என்று பொறுக்கிக்கொண்டு, இவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

"பழம் நசுங்காமயே போறாங்களே! பச்சப்புள்ள இருக்குதுங்க, ஓடுங்க!"

"அவங்க ஜூஸ் போட்டுக் குடிச்சாலும் திருஷ்டி போயிரும்டி."

அவள் சிரிக்கவில்லை. மொபெட்டில் சூளகிரி வரை விரட்டினேன். வேனைக் காணோம்.

திரும்பி வந்து, "டீக்கடையில நின்னாங்க. நானே வெச்சு, வண்டிய ஏத்தச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நாலுமா?"

"நாலுந்தான்."

அப்புறம்தான் சாப்பிட உட்கார்ந்தாள். இப்போது தூங்குகிறாள்.

எலுமிச்சம்பழத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ரோட்டில் லாரி பிரேக் போடும்போதெல்லாம் அந்தக் குழந்தையின் முகம் வருகிறது. பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். காலையில் அந்தப் பக்கமிருந்து வரும் டிரைவர்களிடம் கேட்க வேண்டும், சரோஜா காதில் விழாமல்.